மலையில் பிக்கப்பைக் கழுவிய பிறகு வரும் வம்புகள்: எது தெரிந்தால் எங்கே பார்ப்பது

மேட்டுப்பாளையத்தில் பிக்கப்பைக் கழுவி வெயிலில் நிறுத்தினால் ஒரு டீ குடித்து வருவதற்குள் காய்ந்துவிடும். அதே வண்டியை ஆடி மாதத்தில் நீலகிரி மலைக்கு மேலே கேத்தியில் கழுவிப் பாருங்கள், மூன்று நாள் கழித்தும் சீட்டுக்கு அடியில் கையை விட்டால் சில்லென்று ஈரம் இருக்கும். ஒன்பது வருடமாக ஒரு வெள்ளை பிக்கப்பில் கேரட்டைக் கீழே இறக்கி, திரும்பும்போது உரத்தை ஏற்றி வருகிறேன். இந்த வண்டிக்கு நான் அழுத காசில் பாதி, கழுவிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கியதால் போனது. அழுக்கு அவ்வளவு கெடுதல் செய்யவில்லை.

உங்கள் வண்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத வேலை முதலில் இருக்கும், காசு பிடுங்குவது கடைசியில்.

அதற்கு முன்னால் ஒன்று. உள்பக்கம் கழுவுவதை முடிந்தவரை மலைக்குக் கீழே சமவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். மண்டியில் லோடு இறக்கியதும் காலுக்கு அடியில் போடும் மேட்டையெல்லாம் எடுத்துப் பின்பாடியில் விரித்து, இரண்டு கதவையும் திறந்து, மதிய வெயிலில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். மேலே வந்து மூன்று நாள் காத்திருப்பதற்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவோ மேல்.

கேபினுக்குள் ஈர வாடை அடிக்கிறது

எனக்கு அதிகமாக வந்த தொல்லை இதுதான், கேட்டு வருபவர்களும் இதற்காகத்தான் வருகிறார்கள்.

முதலில் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்தைக் காலி செய்யுங்கள். ஈரச் சாக்கு, மழைக்கோட்டு, தார்ப்பாய் கட்டும் கயிறு, எப்போதோ உருண்டு போன ஒரு பீட்ரூட். சிரிக்காதீர்கள், என் வண்டியில் பதினைந்து நாள் தேடிய நாற்றத்துக்குக் காரணம் ஜாக்கிக்கு அடியில் அழுகிக் கிடந்த ஒரே ஒரு முட்டைக்கோஸ். எல்லாம் எடுத்து இரண்டு நாள் ஆனபிறகும் வாடை இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

மேட்டைத் தூக்கி அடியில் பழைய தினத்தாளை விரித்து, மேட்டைப் போடாமல், ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் எந்த மூலை நனைந்திருக்கிறது என்று பாருங்கள். வழி இங்கேதான் பிரிகிறது.

தாள் எங்கேயும் நனையவில்லை என்றால்: தண்ணீர் புதிதாக வரவில்லை, பழைய ஈரம் சீட்டு நுரையிலோ தரை விரிப்புக்கு அடியில் இருக்கும் கம்பளியிலோ உட்கார்ந்திருக்கிறது. ரெக்சின் உறை போட்ட சீட்டு வெளியே காய்ந்த மாதிரி ஏமாற்றும், தையல் ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீர் உள்ளே அப்படியே இருக்கும். சீட்டின் மேல் காய்ந்த துண்டை விரித்து முழங்காலால் அழுத்திப் பாருங்கள், துண்டு நனைந்தால் சீட்டைக் கழற்றியே ஆக வேண்டும். பெரும்பாலான பிக்கப்பில் நான்கு போல்ட்தான். கழற்றி வெயிலில் நிமிர்த்தி வையுங்கள், படுக்க வைக்காதீர்கள்.

மழை பெய்த அன்றோ வண்டி கழுவிய அன்றோ மட்டும் நனைந்தால்: வெளியிலிருந்து வருகிறது. பானட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே ஜல்லடை மாதிரி இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். நம் ஊரில் வண்டி நிற்பது சில்வர் ஓக்குக்கோ யூகலிப்டஸுக்கோ அடியில், அந்தச் சருகு முழுக்க அங்கேதான் போய் அடைகிறது, தண்ணீர் இறங்கும் துளை மூடியதும் அது கேபினுக்குள் வழி தேடிக்கொள்கிறது. கையால் அள்ளிப் போட்டுவிட்டு ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள், சக்கரத்துக்குப் பின்னால் கொட்ட வேண்டும். அடுத்தது கதவின் அடி விளிம்பில் இருக்கும் சிறு துளைகள். கதவை ஆட்டும்போது உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்டால் அவை அடைத்திருக்கின்றன, தென்னங்குச்சியால் குத்தி விடுங்கள். கம்பி வேண்டாம், பெயின்ட் பெயர்ந்து துரு அங்கிருந்தே ஆரம்பிக்கும்.

இரண்டும் சரியாக இருந்தால் கதவு ரப்பர். ஒரு தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள், எதிர்ப்பே இல்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் உள்பக்க ஓரமெல்லாம் முகப்பவுடரைத் தூவி, ஒருவர் உள்ளே உட்கார, இன்னொருவர் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட வேண்டும். மேலே ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து ஒன்றும் புரியாது. பவுடரில் கோடு விழும் இடம்தான் ஓட்டை. கதவு ரப்பரை நீங்களே மாற்றலாம். முன் கண்ணாடியைச் சுற்றிக் கசிந்தால் கண்ணாடி வேலை செய்பவரிடம் போங்கள், வெளியிலிருந்து சிலிக்கான் பூசி ஒப்பேற்றினால் அடுத்த மழைவரைதான் தாங்கும்.

மழையே இல்லாமல் இடது பக்கம் மட்டும் நனைந்தால்: ஏசி இருக்கும் வண்டியில் அதன் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கலாம். பத்து நிமிடம் ஏசியை ஓட விட்டு வண்டிக்கு அடியில் பாருங்கள், சொட்டவில்லை என்றால் அதுதான். ஏசி இல்லை, ஹீட்டர் மட்டும்தான் என்றால் விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் பச்சையோ சிவப்போ நிறமும் இருந்தால் அது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். வாயில் வைத்துப் பார்க்கிற வேலை வேண்டாம், விஷம். கூலன்ட் டப்பாவில் அளவு இறங்குகிறதா என்று இன்ஜின் ஆறியபிறகு பாருங்கள். இறங்கினால் ஹீட்டர் ரேடியேட்டர் ஓட்டை, டேஷ்போர்டைப் பிரிக்கும் வேலை, மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டு மேடு ஏறினால் இன்ஜினே போகும்.

சீட் பெல்ட்டிலும் ஸ்டியரிங்கிலும் வெள்ளைப் பூஞ்சை

ஒரு வாரம் வண்டியை மூடி நிறுத்தினாலே வந்துவிடும், பதற வேண்டாம். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள், பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துக் கிளிப் போட்டு நிறுத்தி, காயும்வரை உள்ளே விடாதீர்கள். உலர்ந்த துணியால் தட்டினால் பூஞ்சை மூக்குக்குள்தான் போகும், ஆஸ்துமா இருப்பவர்கள் கிட்டேயே வர வேண்டாம். துடைத்த பத்தே நாளில் மறுபடி வந்தால் அது பூஞ்சையின் குற்றமில்லை, மேலே சொன்ன தினத்தாள் வேலையைச் செய்யுங்கள்.

முன் கண்ணாடி உள்பக்கம் மங்குகிறது

மேட்டுப்பாளையத்தில் பளிச்சென்று இருக்கும். பர்லியார் தாண்டிக் குளிர ஆரம்பித்ததும், குன்னூர் வருவதற்குள் கண்ணாடியில் ஆவி படர்ந்து எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு மட்டும் பூ மாதிரி விரிந்து தெரியும். பதினான்கு கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோட்டில் இது விளையாட்டில்லை.

ஒரு விரலால் கண்ணாடியில் கோடு போடுங்கள்.

கோடு சுத்தமாக விழுந்து விரல் நனைந்தால்: வெறும் ஆவி. காற்று உள்ளேயே சுற்றும் பட்டனை அணைத்து வெளிக்காற்று வர விடுங்கள், ஹீட்டரைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், இரண்டு பக்கக் கண்ணாடியையும் இரண்டு விரல் அளவு இறக்குங்கள். ஏசி இருந்தால் ஹீட்டரோடு சேர்த்துப் போடலாம், சீக்கிரம் போகும். இவ்வளவும் செய்து தினமும் வந்தால் கேபினுக்குள் எங்கேயோ ஈரம் இருக்கிறது, முதல் தலைப்புக்குத் திரும்புங்கள்.

கோடு எண்ணெய் மாதிரி இழுபட்டால்: நீங்களே பூசிய டேஷ்போர்டு பாலிஷ்தான் முக்கால்வாசி காரணம். அந்தப் பளபளப்பு வெயிலில் ஆவியாகிக் கண்ணாடியில் ஒட்டுகிறது. கண்ணாடியை ஷாம்பூ தண்ணீரால் ஒருமுறை, வெறும் தண்ணீரால் ஒருமுறை, பிறகு சுத்தமான துணியால் இரண்டு முறை துடையுங்கள். பாலிஷ் அடிக்கும் அதே துணியைக் கண்ணாடிக்குக் கொண்டு வராதீர்கள். டேஷ்போர்டை ஈரத்துணியால் துடைத்தாலே போதும், அது மின்னி யாருக்கு என்ன ஆகப்போகிறது.

எண்ணெயோடு இனிப்பு வாடையும் இருந்தால்: கூலன்ட். மெக்கானிக்.

வண்டி கழுவிய மறுநாள் காலை நகரவில்லை

இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, கிளட்சை விட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பயப்படாதீர்கள். நனைந்த டிரம்மில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு ராத்திரி விட்டிருப்பீர்கள், பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டிருக்கும். ஹேண்ட் பிரேக்கை முழுக்க விடுவித்து, முன்னால் கொஞ்சம் பின்னால் கொஞ்சம் என்று மெதுவாக அசைத்துப் பாருங்கள், டக்கென்று ஒரு சத்தத்தோடு விடும். விடவில்லை என்றால் டிரம்மின் மேல் ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் லேசாகத் தட்டலாம், அதற்கு முன்னால் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிடுங்கள், விட்டதும் வண்டி உருளும். அப்படியும் வரவில்லை என்றால் ஆக்சிலேட்டரை மிதித்து இழுக்காதீர்கள், லைனிங் பெயர்ந்துவிடும், மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

கழுவிய அன்று ராத்திரி ஹேண்ட் பிரேக் வேண்டாம். சமமான இடம் பார்த்து, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தும் நம் பழைய வழக்கமே போதும். சமமான இடம் மலையில் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள், அதற்குத்தான் பிரேக்கைக் காயவைக்கச் சொல்கிறேன்: கழுவியதும் ஆளில்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டி ஏழெட்டு முறை பிரேக்கை மிதித்துவிட்டால் டிரம் தானாகக் காய்ந்துவிடும்.

கழுவிய பிறகு பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது

மேலே சொன்ன மாதிரி ஏழெட்டு முறை மிதித்ததும் சரியானால் அது தண்ணீர், முடிந்தது. சரியாகவில்லை என்றால் வாட்டர் சர்வீஸில் அடியில் என்ன அடித்தார்கள் என்று கேளுங்கள். சேஸுக்குத் துரு பிடிக்காது என்று டீசலும் கழிவு ஆயிலும் கலந்து அடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒருமுறை கீழே ஒரு இடத்தில் விட்டிருந்தேன். "ஃப்ரீயா அடிச்சுக் குடுத்திருக்கோம்ணே" என்று பையன் சந்தோஷமாகச் சொன்னான், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் லோடோடு கோத்தகிரி ரோட்டில் இறங்கும்போது மிதித்தால் வண்டி வலது பக்கமாகப் போகிறது. இடது பின் டிரம்மில் ஆயில். அது ரப்பர் புஷ்ஷையும் ஊதவைத்துக் கெடுக்கும், அது வேறு கதை.

சக்கரத்தின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால், அது அடித்த ஆயிலோ கசியும் பிரேக் ஆயிலோ, எதுவாக இருந்தாலும் இறக்கத்தில் ஓட்டக்கூடாது. பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருந்தால் பெரும்பாலும் வீல் சிலிண்டர் கசிவுதான். நின்ற இடத்துக்கே ஆளைக் கூப்பிடுங்கள், இதில் நானே பார்த்துக்கொள்கிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதோடு இரண்டு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மலை இறங்கி வந்த சூட்டோடு கல்லாறு பக்கம் நிறுத்தி சக்கரத்தில் தண்ணீர் அடிப்பவர்கள் உண்டு. சூடான டிஸ்க் கோணிவிடும், அரை மணி நேரம் ஆறட்டும். டயர் பாலிஷை பெடல் ரப்பரில் பூசுபவர்களும் உண்டு. அவர்களிடம் நான் பேசுவதில்லை.

கழுவியதும் ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது விட்டு விட்டு ஓடுகிறது

இன்ஜின் அறைக்குள் பிரஷர் தண்ணீர் அடித்திருப்பீர்கள். இனிமேல் அடிக்காதீர்கள், மண்ணை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

முதலில் சாவியைத் திருப்பினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். டேஷ்போர்டில் விளக்கே வரவில்லை என்றால் பேட்டரி முனையை இறுக்கிப் பாருங்கள், துடைக்கும்போது தளர்ந்திருக்கும். விளக்கு வந்து ஸ்டார்ட்டர் மட்டும் பேசவில்லை என்றால், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, ரிலே பெட்டியின் மூடியைத் திறந்து துணியால் ஒற்றி, ஒரு மணி நேரம் விட்டு முயலுங்கள். ஓடுகிறது ஆனால் இழுவை இல்லை, மஞ்சள் விளக்கு எரிகிறது என்றால் ஏதோ சென்சார் சாக்கெட்டில் தண்ணீர். கழற்றி ஊதிக் காயவைத்து மாட்டுங்கள், மறுநாளும் விளக்கு அணையாவிட்டால் ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்துக்குப் போங்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். தாள் நனைந்திருந்தால் மாற்றிவிட்டு ஓட்டலாம். பெட்டிக்குள் தண்ணீரே நின்றால் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு முறை ஸ்டார்ட் செய்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்க் கனெக்டிங் ராடு வளையும். அந்தச் செலவில் செகண்ட் ஹேண்ட் வண்டியே வாங்கலாம்.

ஹார்ன் மட்டும் கம்மினால் ஒன்றும் செய்ய வேண்டாம், மதியம் சரியாகிவிடும். ஆனால் ஹார்ன் இல்லாமல் வளைவுகளில் இறங்காதீர்கள்.

ஹெட்லைட்டுக்குள் பனித்துளி மாதிரி படர்ந்தால் இருபது நிமிடம் விளக்கைப் போட்டு வையுங்கள், போய்விடும். அடியில் தண்ணீர் தேங்கி ஆடினால் பின்னால் பல்பு மூடி சரியாக உட்காரவில்லை, கழற்றிக் கவிழ்த்துக் காயவைத்து மாட்டுங்கள். மறுபடி தேங்கினால் கண்ணாடி விரிசல், மாற்ற வேண்டியதுதான்.

கழுவிய பிறகும் செம்மண் நிறம் போகவில்லை

வெள்ளை வண்டிக்காரர்களின் கஷ்டம். உலர்ந்த மண்ணின் மேல் துணியை வைத்துத் தேய்த்தீர்களா என்று முதலில் உங்களையே கேளுங்கள். மண் பெயின்ட்டைக் கீறி, அந்தக் கீறலுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழாக ஊற்றி ஊறவிட்டு, பிறகு ஷாம்பூ. ஒரு வாளியில் ஷாம்பூ, இன்னொரு வாளியில் துணி அலச வெறும் தண்ணீர். துணி துவைக்கும் தூள் வேண்டாம்.

ஈர விரலால் தடவினால் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறதா? அது பெயின்ட்டே வெளுத்துவிட்ட அடையாளம். மலையில் குளிர் இருக்கிறதே தவிர வெயில் லேசுப்பட்டதில்லை. ரப்பிங் காம்பவுண்டை ஒரு சாண் இடத்தில் கையால் தேய்த்துப் பாருங்கள், தெளிந்தால் முழு வண்டிக்கும் செய்து மேலே மெழுகு போடலாம். தெளியவில்லை என்றால் பெயின்டர்தான்.

தார்ப் புள்ளிக்கு மண்ணெண்ணெய் நனைத்த துணி. ஸ்டிக்கர் பசைக்கு நம் ஊர் யூகலிப்டஸ் தைலத்தைப் போல ஒன்று கிடையாது, இரண்டு சொட்டு விட்டு ஒரு நிமிடம் கழித்துத் துடைத்தால் உருண்டு வரும். இரண்டையும் உடனே ஷாம்பூவால் கழுவிவிடுங்கள், பெயின்ட்டில் ஊற விடக்கூடாது. தேயிலை ஏற்றுபவர்களுக்குப் பின்பாடியில் கருப்புக் கறை விழும், இலைச் சாறு இரும்பில் பட்டால் அப்படித்தான் கறுக்கும். எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவினால் வெளுக்கும், ஆனால் கறை அங்கே விழுகிறது என்றாலே பெயின்ட் போய் இரும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். அடுத்த தலைப்பைப் படியுங்கள்.

பின்பாடியில் துருக் கோடு, கொப்புளம், ஓட்டை

கழுவிய கேரட் மூட்டையிலிருந்து வழிநெடுக தண்ணீர் சொட்டும், திரும்பும்போது அதே ஈரத்தில் பொட்டாஷ் மூட்டை. இதைவிட நன்றாகத் துருவை வளர்க்க முடியாது. பொட்டாஷ் என்பது உப்பு. கோழி எருவும் சளைத்ததில்லை. உரம் சிந்தியிருந்தால் முதலில் துடைப்பத்தால் காய்ந்தபடியே கூட்டி அள்ளுங்கள், பிறகு தண்ணீர். எடுத்ததும் தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மடிப்புகளுக்குள் போய் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

பிறகு பின்பாடியின் மூலைத் துளைகளைப் பாருங்கள். வண்டியை மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், இரண்டு நிமிடத்தில் வடிய வேண்டும். ரப்பர் விரிப்பு போட்டிருந்தால் வாரம் ஒருமுறை எடுத்து நிமிர்த்தி வையுங்கள், அதற்கு அடியில்தான் எல்லாம் நடக்கும்.

துருவின் மேல் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். டங்கென்று கேட்டால் மேல் துருதான், கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மேலே பெயின்ட். ஈரத்தின் மேல் அடித்தால் ஒரு மாதத்தில் உரிந்து வரும், அதனால் கார்த்திகை மழை முடியும்வரை பொறுத்திருந்து தை மாத வெயிலில் செய்யுங்கள், அல்லது கீழே கொண்டுபோய்ச் செய்யுங்கள். பொத்தென்று கேட்டாலோ கொப்புளத்தைக் குத்தினால் நுனி உள்ளே இறங்கினாலோ டிங்கரிங் கடைக்காரர் வெட்டிப் பட்டை வைக்க வேண்டும். தகட்டோடு போனால் பரவாயில்லை. அதே ஸ்க்ரூ டிரைவர் சேஸிலோ லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடத்திலோ இறங்கினால், அன்றிலிருந்து அந்த வண்டியில் லோடு ஏற்றாதீர்கள், வெல்டிங் ஆளையல்ல, சேஸ் வேலை தெரிந்தவரைப் பார்க்க வேண்டும்.

அடிப்பக்கத்தைக் கழுவும்போது சக்கரத்துக்கு மேலே வளைவுக்குள் கையை விட்டு அப்பியிருக்கும் மண்ணைப் பிடுங்குங்கள். வெளியே எவ்வளவு மின்னினாலும் அங்கே ஒரு கிலோ மண் ஈரத்தோடு இருக்கும்.

மார்கழிக் காலையில் கண்ணாடியில் உறைபனி

சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள், அல்லது குழாய்த் தண்ணீர் போதும். வைப்பர் ஒட்டியிருந்தால் முதலில் கையால் விடுவித்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். நான் விடுவிக்காமல் சுவிட்சைப் போட்டு ஒருமுறை வைப்பர் மோட்டாரே போனது. இப்போதெல்லாம் ராத்திரி கண்ணாடி மேல் ஒரு பழைய சாக்கை விரித்து வைப்பருக்கு அடியில் செருகிவிடுகிறேன், காலையில் பனியோடு சேர்த்து உரித்து எடுத்தால் ஐந்து மணிக்கு மண்டிக்குக் கிளம்பிவிடலாம். அந்தச் சாக்கை மட்டும் கேபினுக்குள் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.